ஹார்ட் டிஸ்க் மாற்றியதும் கம்ப்யூட்டர் எழவில்லையா? முதலில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

"ஹார்ட் டிஸ்க்கை மாத்தினேன், அதுக்கப்புறம் ஆன் ஆகமாட்டேங்குது" என்று யாராவது போனில் சொன்னால், நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான்: எதுவரைக்கும் வருது? ஃபேன் சுற்றுகிறதா, திரையில் ஏதாவது தெரிகிறதா, லோகோ வந்து அதோடு நிற்கிறதா, பூட் டிவைஸ் (விண்டோஸை எழுப்ப உதவும் டிஸ்க்) இல்லை என்று எழுத்து வருகிறதா, இல்லை விண்டோஸின் வட்டப் புள்ளிகள் சுற்றத் தொடங்கியபின் நீலத் திரை விழுகிறதா. இவை ஐந்தும் ஐந்து வேறு கோளாறுகள். திரையே வராத மெஷினுக்கு விண்டோஸை மறுபடி போட நினைப்பதில் பயனில்லை. பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே வரும் மதர்போர்டின் அமைப்புத் திரை) டிஸ்க்கின் பெயரும் அளவும் சரியாகத் தெரிகிறபோது கேபிளை மாற்றி மாற்றிப் பார்ப்பதும் வீண்.

உறவினர், நண்பர் என்று பலருடைய மெஷின்களை இந்த நிலையில் பார்த்திருக்கிறேன். புதிதாக வாங்கிய டிஸ்க்கே பழுது என்பது அதில் அபூர்வம். டிஸ்க்கை மாற்றும்போது கை பட்டு அசைந்த ஏதோ ஒன்று, அல்லது பழைய டிஸ்க்கோடு சேர்ந்து வெளியே போய்விட்ட ஏதோ ஒன்று, இவ்விரண்டில் ஒன்றுதான் பெரும்பாலும். இரண்டும் ஒரே மெஷினில் ஒன்றன்பின் ஒன்றாக வந்ததைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப் போகிறேன்.

அக்கா வீட்டு டெஸ்க்டாப் அது. விண்டோஸ் ஒரு சிறிய எஸ்எஸ்டியில் (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) இருந்தது. அதோடு 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று. போட்டோ, வீடியோ, அக்காவின் அலுவலகக் கோப்புகள் எல்லாம் அதில். ஒரு ஃபோல்டரைத் திறக்கவே நெடுநேரம் எடுத்துக்கொண்டது, இடையிடையே 'டக் டக்' என்று சத்தமும் வந்தது. அக்கா மகன் 4 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கி, பழையதைக் கழற்றி, புதியதை மாட்டினான். மாட்டியதும் மெஷின் செத்துப்போனது.

"மாமா, விண்டோஸ் இருக்கிற எஸ்எஸ்டியை நான் தொடவே இல்ல. டேட்டா டிஸ்க்கைத்தான் மாத்தினேன். அது இல்லாட்டிக்கூட விண்டோஸ் வரணும் இல்லையா?"

நியாயமான கேள்வி. இந்தக் கேள்விக்கான பதில்தான் அன்று எங்களுக்குக் கடைசியில் கிடைத்தது. ஆனால் நான் போய்ப் பார்த்தபோது மெஷின் அந்தக் கேள்விவரைக்கும்கூட வரவில்லை. ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை கறுப்பு.

திரை கறுப்பு என்றால் டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி யோசிக்கவே கூடாது. ஒரு டிஸ்க்கும் இல்லாத மெஷின்கூட லோகோவைக் காட்டும், பயாஸுக்குள் போகும். அதனால் முதல் வேலை, புதிதாக மாட்டியதைக் கழற்றுவது. கம்ப்யூட்டரை அணைத்து, மின்சார ஒயரைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்து மிச்சமிருக்கும் மின்சாரத்தை வடியவிட்டு, புதிய ஹார்ட் டிஸ்க்கின் டேட்டா கேபிள், பவர் கேபிள் இரண்டையும் எடுத்தோம். மறுபடி ஆன் செய்தோம். இப்போது திரை வந்திருந்தால் டிஸ்க்கோ அதன் பவர் கேபிளோதான் காரணம் என்று தெரிந்திருக்கும். வரவில்லை. ஆக, கை பட்டு அசைந்தது எது என்று தேட வேண்டும்.

மதர்போர்டின் ஓரத்தில் சில போர்டுகளில் நான்கு சிறிய விளக்குகள் இருக்கும். சிபியு, ரேம், கிராபிக்ஸ், பூட் என்று நான்கு பெயர். மெஷின் எந்தக் கட்டத்தில் நின்றதோ அந்த விளக்கு அணையாமல் எரியும். எத்தனையோ பேர் கேபினெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இந்த விளக்கைப் பார்க்காமலே மணிக்கணக்கில் போராடுகிறார்கள். அக்கா வீட்டு போர்டில் ரேமுக்கான விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஹார்ட் டிஸ்க் கூண்டு ரேம் பக்கமாகவே இருந்த கேபினெட்; டிஸ்க்கை வெளியே இழுக்கும்போது முழங்கை பட்டிருக்கும். ரேமைக் கழற்றி, இரண்டு முனையும் 'க்ளிக்' என்று பூட்டும்வரை அழுத்தி மாட்டினோம். லோகோ வந்தது.

உங்கள் போர்டில் அந்த விளக்குகள் இல்லையென்றால் பீப் சத்தத்தைக் கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் ரேமை ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். நான்கு இடம் உள்ள போர்டில் இரண்டு ரேம் மட்டும் இருந்தால், பொதுவாக சிபியுவிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடங்களில்தான் மாட்டச் சொல்வார்கள். மதர்போர்டோடு வந்த கையேட்டில் படம் இருக்கும். டிடிஆர்5 ரேம் உள்ள மெஷினாக இருந்தால், ரேமைக் கழற்றி மாட்டியபின் முதல் தடவை திரை வரச் சில நிமிடங்கள் ஆகலாம். ரேமின் வேகத்தையும் நேரக் கணக்கையும் போர்டு புதிதாகச் சரிபார்க்கும் நேரம் அது. பொறுமை இழந்து நடுவில் அணைத்தால் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கும்.

பவர் பட்டனை அழுத்தினால் எதுவுமே அசையவில்லை, ஃபேன்கூடச் சுற்றவில்லை என்றால் பார்க்க வேண்டிய இடம் வேறு. கேபினெட்டின் முன்பக்கத்திலிருந்து போர்டுக்கு வரும் மெல்லிய ஒயர்களில் பவர் பட்டனின் ஒயர் லேசாகத் தொட்டாலே கழன்றுவிடும். 24 பின் பெரிய கனெக்டரும், சிபியுவுக்கான 8 பின் கனெக்டரும் முழுதாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் பின்புற சுவிட்சையும் பாருங்கள்; டிஸ்க் மாற்றும் முன் அதை அணைத்தவர்கள் மறுபடி போட மறப்பது சாதாரணமாக நடப்பது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். கேபிளைத் தனியாகக் கழற்றி மாட்டும் வகை எஸ்எம்பிஎஸ் இருந்தால், அதோடு வந்த கேபிளைத் தவிர வேறு எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளைப் பயன்படுத்தாதீர்கள். டிஸ்க் பக்கம் எல்லாக் கேபிளும் ஒரே மாதிரி இருக்கும். எஸ்எம்பிஎஸ் பக்கம் எந்தப் பின்னில் 12 வோல்ட், எந்தப் பின்னில் 5 வோல்ட் என்பது மாடலுக்கு மாடல் மாறும். ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே மாறும். கனெக்டர் பொருந்திவிடும், 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போகும், ஆன் செய்த கணமே டிஸ்க் எரிந்துபோகும். பழைய டிஸ்க்கும் அதே கேபிளில் இருந்தால் அதுவும் போகும், உள்ளே இருந்த எல்லாமும் போகும். கணினி வேலையில் திரும்பிச் சரிசெய்ய முடியாத சில காரியங்களில் இது ஒன்று.

அக்கா வீட்டுக்கு வருவோம். லோகோ வந்தது, அடுத்து கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து: பூட் செய்ய ஒரு டிவைஸும் இல்லை. பயாஸுக்குள் போனோம். எஸ்எஸ்டியின் பெயர் இருந்தது, அளவும் சரி. புதிய டிஸ்க்கை மாட்டி மறுபடி பார்த்தோம், அதுவும் தெரிந்தது. கேபிளில் குறையில்லை, டிஸ்க்கில் குறையில்லை. ஆனால் பூட் வரிசைப் பட்டியலில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்ற பெயரையே காணோம்.

அவன் கேட்ட கேள்விக்கு விடை அங்கேதான் இருந்தது. இப்போதைய மெஷின்கள், பழைய பயாஸ் முறைக்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐ முறையில் பூட் ஆகின்றன. ஆன் செய்ததும் மதர்போர்டு நேராக விண்டோஸ் ஃபோல்டரைத் தேடாது. இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் என்று ஒரு சிறிய பகுதி ஏதாவது ஒரு டிஸ்க்கில் இருக்கும். பெரும்பாலும் 100 எம்பியிலிருந்து சில நூறு எம்பிக்குள். ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கும், டிரைவ் எழுத்து இருக்காது, எக்ஸ்ப்ளோரரில் கண்ணில் படாது. பூட் மேனேஜர் அதில்தான் இருக்கிறது. மதர்போர்டு அதை எழுப்பும், அது போய் விண்டோஸை எழுப்பும்.

அக்கா வீட்டில் முதலில் ஹார்ட் டிஸ்க் மட்டும்தான் இருந்தது. விண்டோஸும் அதில்தான். பிற்பாடு யாரோ எஸ்எஸ்டி சேர்த்து அதில் விண்டோஸை நிறுவியிருக்கிறார்கள், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றாமலே. விண்டோஸ் நிறுவும் புரோகிராம் வேறு டிஸ்க்கில் ஏற்கெனவே ஒரு இஎஃப்ஐ பார்ட்டிஷன் இருப்பதைக் கண்டால் அதையே பயன்படுத்திக்கொள்வது உண்டு. அப்படித்தான் விண்டோஸ் எஸ்எஸ்டியிலும், அதை எழுப்பும் பூட் கோப்புகள் பழைய ஹார்ட் டிஸ்க்கிலும் என்று ஆகிவிட்டன. நம் வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்திருக்க, அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு போன கதை. வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, உள்ளே போகத்தான் வழியில்லை.

"அப்ப பழைய டிஸ்க்கை மறுபடி மாட்டினா வந்துடுமா மாமா?"

வரும். பழைய டிஸ்க் நல்ல நிலையில் இருந்திருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன். ஆனால் 'டக் டக்' என்று சத்தம் போடும் டிஸ்க்கை விண்டோஸுக்குள் மாட்டுவதில் ஓர் ஆபத்து உண்டு. கோப்பு அமைப்பில் கோளாறு இருப்பதைக் கண்டால் விண்டோஸ் பூட் ஆகும்போதே தானாக டிஸ்க்கைச் சரிபார்க்கத் தொடங்கும். சாகக் கிடக்கும் டிஸ்க்கை முனைக்கு முனை படிக்கவைத்து, எழுதவும் செய்கிற வேலை அது. அதிலிருந்து கோப்புகளை எடுத்துக்கொள்ள இருந்த நேரம் அதிலேயே கரைந்துபோகும். அப்படி ஒரு சரிபார்ப்பு தொடங்கப்போவதாகத் திரையில் எழுத்து வந்தால், உடனே ஏதாவது ஒரு விசையை அழுத்தி அதைத் தவிருங்கள்.

அதனால் பழைய டிஸ்க்கில் இருந்ததைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை என்று முடிவு செய்தோம். லினக்ஸ் போட்ட பென்டிரைவில் மெஷினை பூட் செய்து, பழைய டிஸ்க்கை வெளியே வைத்து யூஎஸ்பி வழியாக மாட்டினோம். மூன்றரை அங்குல ஹார்ட் டிஸ்க்குக்கு 12 வோல்ட் தேவை. யூஎஸ்பி மட்டும் போதாது, தனி அடாப்டரோடு வரும் கனெக்டர் வேண்டும். லினக்ஸில் 'டிடிரெஸ்க்யூ' என்ற கருவியை இதற்காகவே நம்பியிருக்கிறேன். படிக்க முடிகிற இடங்களை முதலில் வேகமாக எடுத்துக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எதுவரை எடுத்தது என்று குறித்தும் வைத்துக்கொள்ளும். நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சாதாரண காப்பி முறை முதல் கெட்ட இடத்திலேயே முட்டிக்கொண்டு நிற்கும், அது டிஸ்க்கை மேலும் வாட்டும்.

இரவு முழுக்க ஓடவிட்டோம். அக்கா நடுவில் எழுந்து வந்து, "என் ஃபைலெல்லாம் வந்துடுமாடா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். காலையில் சில வீடியோக்களின் பகுதிகள் தவிர மற்றதெல்லாம் வந்திருந்தன. அதன் பிறகுதான் பூட் பிரச்சினையைத் தொட்டோம்.

அதைச் சரிசெய்ய விண்டோஸ் நிறுவும் பென்டிரைவ் ஒன்று போதும். விண்டோஸை மறுபடி போட வேண்டியதில்லை. இந்த நேரத்தில் மெஷினில் எஸ்எஸ்டி ஒன்றை மட்டும் விட்டுவிட்டு, புதிய ஹார்ட் டிஸ்க்கின் டேட்டா கேபிளைக் கழற்றி வைத்தோம். டிஸ்க் ஒன்றுதான் இருக்கிறது என்றால் தவறான டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்க வழியே இல்லை. நாலு கட்டளை அடிக்கிற வேலையில் இது மிகப் பெரிய நிம்மதி.

பென்டிரைவில் பூட் செய்து, முதல் திரை வந்ததும் ஷிஃப்ட்டோடு எஃப்10 அழுத்தினால் கறுப்புக் கட்டளைத் திரை திறக்கும். 'டிஸ்க்பார்ட்' என்று தட்டி உள்ளே போய், முதலில் டிஸ்க்குகளையும் பிறகு வால்யூம்களையும் பட்டியலிட்டுப் பாருங்கள். டிஸ்க் பட்டியலில் ஜிபிடி என்ற தலைப்பின் கீழ் நட்சத்திரக் குறி இருந்தால் அது ஜிபிடி முறையில் (டிஸ்க்கின் பகுதிகளைப் பதிந்துவைக்கும் புதிய முறை) உள்ள டிஸ்க். வால்யூம் பட்டியலில் விண்டோஸ் உள்ள பகுதிக்கு எந்த எழுத்து வந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வழக்கமாக சி என்று இருப்பது இங்கே டி என்றோ இ என்றோ மாறியிருக்கலாம். இதைக் கவனிக்காமல் சி என்றே அடித்துவிட்டுக் கட்டளை வேலை செய்யவில்லை என்று கைவிட்டவர்கள் உண்டு.

பிறகு விண்டோஸ் வால்யூமைத் தேர்ந்தெடுத்து அதை 300 எம்பி மட்டும் சுருக்கினோம். கிடைத்த வெற்றிடத்தில் இஎஃப்ஐ வகைப் பார்ட்டிஷன் ஒன்றை உருவாக்கி, ஃபேட்32-ஆக ஃபார்மேட் செய்து, எஸ் என்ற எழுத்தைக் கொடுத்தோம். டிஸ்க்பார்ட்டை விட்டு வெளியே வந்து 'பிசிடிபூட்' என்ற கட்டளை. அதற்கு மூன்று விவரம் சொல்ல வேண்டும்: விண்டோஸ் ஃபோல்டர் எங்கே இருக்கிறது, பூட் கோப்புகள் எந்த எழுத்துள்ள பார்ட்டிஷனில் போய் உட்கார வேண்டும், எந்த முறை என்பதற்கு யூஇஎஃப்ஐ. பூட் கோப்புகள் உருவாகிவிட்டன என்று ஒரு வரி வந்தது. பென்டிரைவை எடுத்துவிட்டு ஆன் செய்தோம். பயாஸ் பட்டியலில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' எஸ்எஸ்டியின் பெயரோடு வந்து நின்றது, விண்டோஸும் வந்தது.

"விண்டோஸைத் திரும்பப் போடு" என்று சொல்வது எல்லோருக்கும் எளிது. அதைக் கேட்டு எத்தனை பேர் தங்கள் மென்பொருள்களையும் அமைப்புகளையும் தேவையில்லாமல் இழந்திருப்பார்கள் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. பூட் கோப்புகள் மட்டும் இல்லாமல் போனால் அவற்றை மட்டும் எழுதினால் போதும். அது ஒரு மணி நேர வேலைகூட இல்லை.

எஸ்எஸ்டி பழைய எம்பிஆர் முறையில் இருந்தால் வழி சற்று மாறும். விண்டோஸ் 10-இன் 2017 பதிப்பிலிருந்து 'எம்பிஆர்2ஜிபிடி' என்ற கருவி கூடவே வருகிறது. தரவை அழிக்காமல் டிஸ்க்கை ஜிபிடிக்கு மாற்றி, இஎஃப்ஐ பார்ட்டிஷனையும் அதுவே உருவாக்கிக் கொடுக்கும். அந்த டிஸ்க்கில் முதன்மைப் பார்ட்டிஷன்கள் மூன்றுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. மாற்றியபின் பயாஸில் யூஇஎஃப்ஐ முறையை இயக்க வேண்டும். பழைய லெகசி முறையிலேயே விட்டால் பூட் ஆகாது.

புதிய 4 டிபி டிஸ்க்கைக் கடைசியாக மாட்டினோம். டிஸ்க் மேனேஜ்மென்ட் அதைக் கண்டதும் எம்பிஆரா, ஜிபிடியா என்று கேட்டது. 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க்குக்கு ஜிபிடிதான். எம்பிஆர் கொடுத்தால் மீதி இடத்தைப் பயன்படுத்தவே முடியாது. பிறகு அது 3.63 டிபி என்று காட்டியதும் அவன் முகம் மாறியது. டிஸ்க் தயாரிப்பாளர்கள் ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024-இன் மடங்கில் எண்ணுகிறது. இடம் எதுவும் காணாமல் போகவில்லை.

நண்பர் ஒருவரின் லேப்டாப் கதை வேறு. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி மாட்டினார், முழு டிஸ்க்கையும் முறையாகக் குளோன் செய்திருந்தார், அதாவது அப்படியே நகலெடுத்திருந்தார். லோகோ வந்தது, வட்டம் சுற்றியது, உடனே நீலத் திரை: பூட் டிவைஸை அணுக முடியவில்லை என்ற பொருளில் ஒரு வரி. விண்டோஸ் எழத் தொடங்கிவிட்டது என்பதற்கு அந்த நீலத் திரையே சாட்சி. பூட் கோப்புகள் சரியாக இருக்கின்றன, டிஸ்க்கோடு பேசும் டிரைவர்தான் பொருந்தவில்லை. "டிஸ்க்கைத் தவிர வேறு எதையாவது கழற்றினீங்களா?" என்று கேட்டேன். பாதுகாப்புக்காக பேட்டரியோடு, போர்டில் இருந்த வட்டமான சிறிய செல்லையும் எடுத்து மாட்டியிருந்தார். பயாஸின் அமைப்புகள் எல்லாம் தொடக்க நிலைக்குத் திரும்பியிருந்தன. டிஸ்க்கை போர்டோடு இணைக்கும் வழியான சாட்டாவின் முறை, விண்டோஸ் நிறுவியபோது ஏஹெச்சிஐ, இப்போது ரெய்டு. திருப்பி ஏஹெச்சிஐ என்று வைத்ததும் வந்துவிட்டது. தேதியும் நேரமும் பின்னால் போயிருந்தால், பயாஸ் அமைப்புகள் கலைந்துவிட்டன என்பதற்கு அது நல்ல அடையாளம்.

சாட்டா டிஸ்க்கிலிருந்து, அதைவிட வேகமான வகையான என்விஎம்இ எஸ்எஸ்டிக்குக் குளோன் செய்தவர்களுக்கும் இதே நீலத் திரை வருவது உண்டு. அப்போது ஒரு தடவை சேஃப் மோடில் (அடிப்படை வசதிகளோடு மட்டும் விண்டோஸ் எழும் முறை) உள்ளே போனால் போதும். தேவையான டிரைவரை விண்டோஸ் ஏற்றிக்கொள்ளும், அடுத்த தடவை சாதாரணமாக எழும். குளோன் செய்தபின் முதல் தடவை பூட் செய்யும்போது பழைய டிஸ்க்கைக் கட்டாயம் கழற்றி வையுங்கள். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால் விண்டோஸ் குழம்பும். பழையதிலிருந்தே பூட் ஆகிக்கொண்டிருப்பதும், புதியதில் ஓடுகிறது என்று நம்பி பழையதை ஃபார்மேட் செய்யப் போவதும் அப்படித்தான் நடக்கின்றன.

டிஸ்க் பயாஸிலேயே தெரியவில்லை என்றால் பெரும்பாலும் கேபிள்தான். சாட்டா டேட்டா கேபிள் மெல்லியது, மடக்கி மடக்கி உள்ளே முறிந்துவிடும். வேறு கேபிள், வேறு போர்ட் இரண்டையும் மாற்றிப் பாருங்கள். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அட்டவணையைப் பார்க்க முடிந்தால், சி7 என்ற வரியில் எண் ஏறிக்கொண்டே போவது டிஸ்க்கைக் காட்டிலும் கேபிளின் மீது சந்தேகம் கொள்ளவைப்பது. 05, சி5, சி6 வரிகள் ஏறினால் டிஸ்க்கே போய்க்கொண்டிருக்கிறது. கேபிள் இல்லாமல் போர்டிலேயே எஸ்எஸ்டியைச் செருகும் எம்.2 இடத்தில் எஸ்எஸ்டி மாட்டியதும் வேறொரு ஹார்ட் டிஸ்க் காணாமல் போயிருந்தால் பயப்பட வேண்டாம்: பல போர்டுகளில் எம்.2 இடமும் ஓரிரு சாட்டா போர்ட்களும் ஒரே வழியைப் பகிர்ந்துகொள்கின்றன. அதை வேறு போர்ட்டுக்கு மாற்றினால் திரும்ப வரும். எம்.2 இடம் சாட்டா வகையை மட்டும் ஏற்குமா, என்விஎம்இயையும் ஏற்குமா என்பதும் போர்டுக்குப் போர்டு மாறும். உருவம் ஒன்றாக இருப்பதால் மாட்டிவிட முடியும், ஆனால் டிஸ்க் பயாஸில் தெரியாது.

பெரிய கொள்ளளவு ஹார்ட் டிஸ்க் ஒன்று சுற்றவே மறுத்ததையும் பார்த்திருக்கிறேன். பவர் போகிறது, கையில் தொட்டால் அதிர்வே இல்லை. 2016-இல் வந்த சாட்டா 3.3 விதிமுறையில், பவர் கனெக்டரின் மூன்றாவது பின்னை டிஸ்க்கைத் தொலைவிலிருந்து அணைக்கும் வசதிக்கு ஒதுக்கினார்கள். பழைய எஸ்எம்பிஎஸ்கள் அந்தப் பின்னில் எப்போதும் 3.3 வோல்ட் அனுப்பிக்கொண்டிருக்கும். சர்வர்களுக்கான சில டிஸ்க்குகள் அதை 'அணைந்திரு' என்ற உத்தரவாக எடுத்துக்கொள்ளும். அந்த ஒரு பின்னை மட்டும் மின்சாரம் கடத்தாத மெல்லிய கேப்டன் டேப்பால் மறைத்ததும் டிஸ்க் சுற்றத் தொடங்கியது.

லினக்ஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு வேறொரு இடத்தில் நிற்கும். டேட்டா டிஸ்க்கை மாற்றியபின், ஒரு டிஸ்க்குக்காகக் காத்திருப்பதாக 90 விநாடி எண்ணிவிட்டு அவசர நிலைத் திரைக்குப் போய்விடும். எழும்போது எந்த டிஸ்க்குகளைச் சேர்க்க வேண்டும் என்று சொல்லும் 'எஃப்எஸ்டேப்' கோப்பில் பழைய டிஸ்க்கின் அடையாளமான யூயூஐடி எண் இன்னும் எழுதியிருக்கிறது என்று அர்த்தம். அந்தத் திரையிலேயே ரூட் கடவுச்சொல் கொடுத்து உள்ளே போய், அந்த வரியைப் புதிய எண்ணுக்கு மாற்றினால் முடிந்தது. டேட்டா டிஸ்க்குகளின் வரியில் 'நோஃபெயில்' என்ற சொல்லைச் சேர்த்து வைத்தால், டிஸ்க் இல்லாவிட்டாலும் மெஷின் எழும்.

இனி யாராவது டிஸ்க் மாற்றப் போகிறேன் என்று முன்கூட்டிச் சொன்னால், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சிலவற்றைச் செய்யச் சொல்கிறேன். டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 'இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்' எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று அதில் தெரியும். விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கில் அது இல்லையென்றால், எதையும் கழற்றும் முன்பே பூட் கோப்புகளை அங்கே எழுதிவிடலாம். பயாஸில் சாட்டா முறை, செக்யூர் பூட், யூஇஎஃப்ஐயா லெகசியா என்ற பக்கங்களையும் படம் எடுங்கள். டிஸ்க்கில் உள்ளதைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் இயங்குகிறதா என்று அமைப்புகளில் பாருங்கள். நீங்கள் இயக்கவே இல்லை என்று நினைத்திருப்பீர்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்த பல மெஷின்களில் தானாகவே இயங்கியிருக்கும். பூட் அமைப்பு மாறியதும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும், அது இல்லாமல் உங்கள் கோப்புகள் உங்களுக்கே திறக்காது. அந்த எண்ணைக் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதிவைத்துவிட்டு, வேலை முடியும்வரை பிட்லாக்கரை நிறுத்தி வையுங்கள். விண்டோஸ் நிறுவும் பென்டிரைவையும் அன்றே தயார் செய்துகொள்ளுங்கள். 8 ஜிபி பென்டிரைவ் போதும், அதில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும் என்பதால் காலியானதாக எடுங்கள்.